கணக்கில் வராத கிலோமீட்டர்கள்

மிதிவண்டியில் வெளியே சென்று திரும்பிய ஒருவரை நாம் இரண்டு விதமாய் விசாரிக்கலாம். 'எவ்வளவு தூரம் போய் வந்தீர்கள்?' என்பது ஒன்று. 'வழியில் என்ன கண்டீர்கள்?' என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை எண்ணாக வரும். அதை அடுத்தவரின் எண்ணோடு ஒப்பிடலாம். இரண்டாம் கேள்விக்கு விடை கதையாக வரும். அதை ஒப்பிட இயலாது, கேட்டு மகிழத்தான் இயலும். இன்று மிதிவண்டியின் கைப்பிடியில் பொருத்தும் சிறு கருவியும் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியும் வேகத்தையும் தொலைவையும் நொடிக்கு நொடி கணக்கிட்டுத் தருகின்றன. கணக்கு ஏறாத நாளில் வண்டி ஓட்டியதே வீண் என்று வருந்துவோரும் நம்மிடையே உளர்.

இவ்விரு கேள்விகளுக்கும் இடையிலுள்ள வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. இன்றைய மிதிவண்டி உருவான காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. அதன் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால், வண்டியோட்டுவோருக்கு மட்டுமன்றி, வாழ்வையே ஒரு பயணமாகக் கருதும் நமக்கும் கற்றுக்கொள்ள ஏதோ ஒன்று அதில் இருக்கக் காண்கிறோம்.

எண்ணும் கருவி வந்தது

1885ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்னும் மிதிவண்டியை வெளியிட்டார். ஆளுயரச் சக்கரத்தின்மேல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அமர்ந்த காலம் அத்துடன் முடியத் தொடங்கியது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தன் பங்குக் கோயிலின் மணியோசை எட்டும் எல்லைக்குள்ளேயே வாழ்ந்து மடிந்த எளிய மனிதன், குதிரையும் வண்டியும் இன்றித் தன் கால்களின் வலிமையாலேயே ஒரு பகற்பொழுதில் பத்துப் பதினைந்து ஊர்களைக் கடக்கும் வாய்ப்பைப் பெற்றான். அந்த விடுதலை உணர்வே மிதிவண்டி தந்த முதற் கொடை.

அடுத்த சில ஆண்டுகளிலேயே எண்ணும் கருவி வந்து சேர்ந்தது. 1895இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் கர்ட்டிஸ் வீடர் என்ற பொறியாளர் சைக்ளோமீட்டர் ஒன்றை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் அமைப்பு மிக எளியது. முன்சக்கரக் கம்பியில் ஒரு சிறு முளை; அச்சின் அருகே நட்சத்திர வடிவில் பற்களையுடைய ஒரு சிறு சக்கரம். வண்டிச் சக்கரம் ஒரு முறை சுழலும்போது முளை அந்தப் பல்லை ஒரு முறை தட்டும். 28 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 720 முறை சுழன்றால் ஒரு மைல். அத்தனை தட்டுகளையும் உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் தொகுத்து எண்ணாகக் காட்டிவிடும். கட்டைவிரல் அளவேயான இக்கருவி விலை மலிவாய் இருந்ததால் எங்கும் பரவிற்று. அதுவரை மைல்கல்லைப் பார்த்தும் ஊராரைக் கேட்டும் தொலைவை அறிந்தவர்கள் இப்போது குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்கள்.

எண் கிடைத்தவுடன் போட்டி எழுவது இயல்பு. அதற்கு முன்பே, 1893ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், பாரிசு நகரின் பஃபலோ ஓடுதளத்தில் ஆன்றி டெக்ரான்ஷ் என்பவர் ஒரு மணி நேரம் இடைவிடாது சுற்றி 35.325 கிலோமீட்டர் கடந்திருந்தார். ஒரு மணிக் கணக்கில் முறையாகப் பதிவான முதற் சாதனை அதுவே. 1972இல் மெக்சிகோ நகரில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 49.431 கிலோமீட்டரும், 2022இல் சுவிட்சர்லாந்தில் இத்தாலியர் பிலிப்போ கன்னா 56.792 கிலோமீட்டரும் கடந்தனர். இவை மனித உடலின் ஆற்றலைக் காட்டும் வியத்தகு எண்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் வீரர் ஒரு மரத்தையும் காண்பதில்லை. ஒரு மனிதருக்கும் வணக்கம் சொல்வதில்லை. முடிவில் புறப்பட்ட வட்டத்துக்குள்ளேயே இறங்குகிறார்.

ஒரு மணிக்கு அமைந்த கணக்கு ஓர் ஆண்டுக்கும் விரிந்தது. 1911இல் ஓர் ஆங்கில மிதிவண்டி இதழ், ஓராண்டில் மிகுதியான முறை நூறு மைல் ஓட்டுபவர் யார் என்று போட்டி வைத்தது. மார்செல் பிளேன்ஸ் என்ற வீரர் அவ்வாண்டில் 34,366 மைல் ஓட்டி வென்றார். 1939இல் டாமி காட்வின் என்னும் ஆங்கிலேயத் தொழிலாளி அவ்வெண்ணை இரு மடங்குக்கு மேல் உயர்த்தி, ஒரே ஆண்டில் 75,065 மைல் கடந்தார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர்! செப்டம்பரில் போர் மூண்டு, ஊரெங்கும் விளக்கணைப்பு நடைமுறைக்கு வந்தபோதும் அவர் நிறுத்தவில்லை. புத்தாண்டு பிறந்த பின்னும் ஓட்டி, 1940 மே மாதத்தில் ஒரு லட்சம் மைலை எட்டிய பிறகே இறங்கினார். இறங்கியபின் இயல்பாக நடப்பதற்கே அவர் மீண்டும் பழக வேண்டியிருந்தது. அந்த உழைப்பாளியின் உறுதியைக் குறைத்துப் பேச நமக்கு உரிமை இல்லை. ஆனால் எண் கேட்கும் விலை எத்தகையது என்பதை அவர் கால்கள் நமக்குச் சொல்கின்றன.

இரு பிரெஞ்சுக்காரர்கள்

ஒரு மணிச் சாதனை படைத்த டெக்ரான்ஷ் பின்னர் பத்திரிகை ஆசிரியரானார். 1903இல் தம் இதழின் சார்பில் பிரான்சைச் சுற்றும் மாபெரும் பந்தயத்தைத் தொடங்கியவர் அவரே. முதல் ஆண்டில் 2,428 கிலோமீட்டர் ஆறு கட்டங்களாக ஓட்டப்பட்டது. புறப்பட்ட 60 பேரில் 21 பேரே முடித்தார்கள். துன்பமே வீரத்தின் அளவுகோல் என்று அவர் நம்பினார். மேட்டில் மிதிப்பை எளிதாக்கும் கியர் மாற்றி, முதியோருக்கு வேண்டுமானால் உதவும் என்பது அவர் கருத்து. அதைத் தம் பந்தயத்தில் நெடுங்காலம் விலக்கி வைத்தார். 1937இல்தான் அது அனுமதிக்கப்பட்டது.

அதே காலத்தில் பிரான்சின் செயிண்ட் எத்தியேன் நகரில் வேறொருவர் வாழ்ந்தார். போல் த விவி என்பது அவர் பெயர். 'வெலோசியோ' என்பது புனைபெயர். 1853இல் பிறந்தவர். பட்டு வணிகத்தில் இருந்து, மிதிவண்டியின்மேல் கொண்ட காதலால் அவ்வணிகத்தைத் துறந்தவர். 1887இல் ஒரு மிதிவண்டி இதழைத் தொடங்கி வாழ்நாள் முழுதும் நடத்தினார். பந்தயத்துக்காக அன்றி, நாட்டைக் காணவும் மனத்தைத் தெளியவைக்கவும் வண்டியோட்டும் பழக்கத்துக்குத் தந்தை என்று பிரெஞ்சு மக்கள் இன்றும் அவரையே போற்றுகின்றனர். டெக்ரான்ஷ் விலக்கி வைத்த பல்வேக கியரை வளர்த்தெடுக்கப் பாடுபட்டவர்களில் அவர் முதன்மையானவர். இளைஞனின் கால் வலிமை இல்லாதவரும் மலையுச்சியின் காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வெலோசியோ கணக்கை வெறுத்தவர் அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இரவும் பகலுமாய் நீண்ட பயணங்கள் மேற்கொண்டவர் அவர். தம் ஊருக்கு அருகே 1,161 மீட்டர் உயரத்திலுள்ள கணவாய்க்குப் பலமுறை ஏறி, எந்த கியரில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வைத்தார். எந்த உணவு எத்தனை தொலைவுக்குத் தாங்கும் என்றும் ஆராய்ந்தார். ஆனால் அக்கணக்குகள் அனைத்தும் ஒரு கேள்விக்கே விடை தேடின: உடல் களைத்து மனம் மங்காமல் பயணத்தை நுகர்வது எப்படி? கணக்கு அவரிடம் வேலையாளாக இருந்தது, எசமானாக இருக்கவில்லை.

வண்டியோட்டுவோருக்கு அவர் ஏழு கட்டளைகளைத் தந்தார். நிறுத்தங்கள் குறைவாயும் சிறியனவாயும் இருக்கட்டும். பசிக்குமுன் உண்க, தாகம் எடுக்குமுன் பருகுக. உணவும் உறக்கமும் பிடிக்காத அளவுக்குக் களைக்க வேண்டா. குளிர் தாக்குமுன் போர்த்துக, வெப்பம் தாக்குமுன் களைக. பயணத்திலாவது மதுவும் இறைச்சியும் புகையிலையும் வேண்டா. ஆற்றலுக்கு மிஞ்சி, அதிலும் புறப்பட்ட முதல் மணிகளில், மிதிக்க வேண்டா. இவை ஆறும் உடலைப் பற்றியவை. ஏழாவது உள்ளத்தைப் பற்றியது: தற்பெருமைக்காக ஒருபோதும் மிதிக்க வேண்டா என்பதே அதன் பொருள். ஓர் ஆன்ம குரு தம் சீடருக்குச் சொல்லும் அறிவுரையை ஒத்திருக்கிறது அது. முந்திய ஆறையும் கடைப்பிடித்து ஏழாவதை மறந்தவன், நலமான உடலோடு வீடு திரும்பலாம். நிறைந்த உள்ளத்தோடு திரும்புவானா என்பது ஐயமே.

1930இல் செயிண்ட் எத்தியேன் தெருவொன்றில் டிராம் வண்டி மோதி வெலோசியோ மறைந்தார். அவர் வாழ்ந்தபோதே, 1922 முதல், அவர் விரும்பி ஏறிய அந்தக் கணவாயில் அன்பர்கள் ஆண்டுதோறும் கூடத் தொடங்கினர். இளைஞரும் முதியோரும் குடும்பத்தினரும் ஒன்றாக ஏறும் நாளாக அது நிலைத்தது.

வென்றவர் இல்லாத பயணம்

இவ்விரு நெறிகளுக்கும் நடுவே மூன்றாவதொரு வழியும் உருவாயிற்று. 1897ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பன்னிரண்டு இத்தாலியர் உரோமையிலிருந்து நேப்பிள்சுக்கு, சூரியன் தோன்றி மறைவதற்குள், 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை ஒன்றாக ஓட்டிச் சென்றனர். துணிவுடையோர் என்னும் பொருளில் இலத்தீனில் 'ஆடாக்ஸ்' என்று அவர்களை அழைத்தனர். அம்முறையில் தொலைவும் உண்டு, கால எல்லையும் உண்டு. ஆனால் முதல்வன், கடையன் என்ற வரிசை இல்லை. எல்லைக்குள் முடித்தவர் அனைவரும் ஒரே சான்றிதழ் பெறுவர். வியப்பு என்னவென்றால், 1904இல் இதைப் பிரான்சுக்குக் கொண்டுவந்து ஆதரித்தவர் வேறு யாருமல்லர், டெக்ரான்ஷ்தான். பந்தயத்தின் தந்தைக்கும் பந்தயமற்ற பயணத்தின் இனிமை தெரிந்திருந்தது போலும்.

1891இல் பந்தயமாகத் தொடங்கிய பாரிசு - பிரெஸ்ட் - பாரிசு 1,200 கிலோமீட்டர் பயணமும் இன்று வரிசையில்லாப் பயணமாகவே நடைபெறுகிறது. இவ்வகைப் பயணங்களை மேற்கொள்ளும் அன்பர்கள் சென்னையிலும் இருக்கிறார்கள். அளவு இருக்கலாம், அது மனிதரை ஏற்றியும் தாழ்த்தியும் அடுக்க வேண்டிய தேவையில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

மலைக் கோயிலில் மிதிவண்டிகள்

வட இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே, 754 மீட்டர் உயரத்தில், கிஸாலோ அன்னையின் சிற்றாலயம் இருக்கிறது. கள்வரால் தாக்கப்பட்ட கிஸாலோ என்னும் பிரபு அன்னையின் திருவுருவத்தண்டை ஓடி அடைக்கலம் பெற்றார் என்பது அதன் மரபுக் கதை. வழிப்போக்கரின் காவலாக விளங்கிய அவ்வன்னையை மிதிவண்டியோட்டிகளின் பாதுகாவலியாக்க வேண்டும் என்று அங்கிருந்த அருட்தந்தை எர்மெலிந்தோ விகனோ விரும்பினார். 1948இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஆசீர்வதித்த விளக்கு, உரோமைப் பகுதியிலிருந்து மிதிவண்டிகளில் கைமாறிக் கைமாறி அம்மலைக்கு வந்தது. பந்தயத்தில் பரம எதிரிகளான பார்த்தாலியும் கோப்பியும் அத்தொடரில் பங்கேற்றனர். 1949 அக்டோபர் 13ஆம் நாள் திருத்தந்தை கிஸாலோ அன்னையை மிதிவண்டியோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார்.

அவ்வாலயத்தின் சுவர்களில் வெற்றி வீரர்களின் வண்டிகள் தொங்குகின்றன. மெர்க்ஸ், கோப்பி, பார்த்தாலி ஆகியோரின் வண்டிகளும் அவற்றுள் அடங்கும். அவற்றிடையே நெளிந்துபோன வண்டி ஒன்றும் உண்டு. 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 1995 ஜூலை 18இல் பிரெஞ்சுப் பந்தயத்தின் மலைச்சரிவில் விழுந்து இறந்த பாபியோ கசார்தெல்லியின் வண்டி அது. வெற்றியின் வண்டியும் இழப்பின் வண்டியும் ஒரே பீடத்தின்முன் ஒருங்கே இருப்பதை எண்ணும்போது, அன்னையின் கண்ணில் வேகத்துக்கு வரிசை இல்லை என்பது விளங்குகிறது.

பத்தாண்டுகளுக்குப் பின், 1959இல், திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானின் காலத்தில், தென்மேற்குப் பிரான்சின் லாபஸ்தீத் தார்மஞாக் என்னும் ஊரில் மற்றொரு சிற்றாலயம் மிதிவண்டியோட்டிகளின் அன்னைக்கு உரியதாயிற்று. கிஸாலோவைக் கண்டு வந்த அருட்தந்தை ஜோசப் மாசி அதற்குக் காரணமானார். பந்தய வீரர், பயண அன்பர் ஆகிய இரு சாராரும் அதைத் தம் திருத்தலமாகக் கொண்டனர்.

பார்த்தாலி அளக்காத வழி

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொடும் பக்கம் ஜீனோ பார்த்தாலியின் பக்கமே. பிளாரன்சுக்கு அருகே எளிய குடும்பத்தில் பிறந்தவர். கத்தோலிக்கப் பொதுநிலையினர் இயக்கத்தில் ஊன்றியவர். கார்மேல் மூன்றாம் சபையைச் சேர்ந்தவர். இத்தாலியப் பந்தயத்தை மூன்று முறையும், பிரெஞ்சுப் பந்தயத்தை 1938, 1948 ஆகிய ஆண்டுகளில் இருமுறையும் வென்றார். இரு வெற்றிகளுக்கும் இடையே பத்தாண்டுகள். அவற்றுள் ஒரு பெரும் போர். 1947 செப்டம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் பொதுநிலையினர்க்கு ஆற்றிய உரையில், பவுலடியார் கூறும் ஓட்டத்தை நினைவூட்டி, அதற்கு எடுத்துக்காட்டாகப் பார்த்தாலியின் பெயரையே சொன்னார். அவர் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரையும் இத்தாலி முழுதும் எண்ணிக்கொண்டிருந்தது.

யாரும் எண்ணாத கிலோமீட்டர்களும் அவரிடம் இருந்தன. 1943, 1944ஆம் ஆண்டுகளில் நாசிப் படை இத்தாலியைப் பிடித்து யூதரை வேட்டையாடியபோது, பிளாரன்சின் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா யூதர்க்கு மறைவிடம் தேடித் தந்தார். அந்த மறைமுகப் பணியில் பார்த்தாலியும் சேர்ந்தார். பயிற்சிக்குச் செல்வதுபோல் புறப்பட்டு, வண்டிச் சட்டத்தின் குழாய்க்குள்ளும் இருக்கையின் அடியிலும் போலி அடையாளத் தாள்களுக்கான நிழற்படங்களையும் ஆவணங்களையும் மறைத்து, பிளாரன்சுக்கும் அசிசிக்கும் இடையே அவர் ஓட்டினார் என்பர். 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி அது. பிடிபட்டால் உயிர் போகும். ஒரு யூதக் குடும்பத்தைத் தமக்குரிய நிலவறையில் ஒளித்துக் காத்ததாக, அக்குடும்பத்தின் மகனே பிற்காலத்தில் சாட்சி சொன்னார். எருசலேமின் யாட் வஷேம் நிறுவனம், கர்தினாலை 2012இலும் பார்த்தாலியை 2013இலும் மக்களினங்களிடையே நேர்மையாளர் என்று அறிவித்தது.

அசிசிப் பயணங்களின் விவரங்கள் குறித்து இத்தாலிய வரலாற்றாசிரியர் சிலர் அண்மைக் காலத்தில் ஐயங்களும் எழுப்பியுள்ளனர். எழுத்துச் சான்று குறைவு என்பது அவர்கள் வாதம். வரலாறு தன் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மறைவாய்ச் செய்தாலன்றிச் செய்ய முடியாத நன்மைக்கு ஓட்டப் பதிவேடு எங்கிருந்து வரும்? பார்த்தாலியும் 2000ஆம் ஆண்டு மே 5இல் இறக்கும்வரை இதைப் பற்றி வெளியே பேசுவதைத் தவிர்த்தே வந்தார். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டா என்ற ஆண்டவரின் போதனையை அவர் அறியாதவர் அல்லர்.

நம் காலத்துக் கிரீடம்

இன்றைய நிலைக்கு வருவோம். 2009இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட 'ஸ்ட்ராவா' என்னும் செயலி, விண்கோள்களின் உதவியால் உலகின் சாலைகளையெல்லாம் ஓடுதளமாக்கிவிட்டது. ஒரு மேட்டுச் சாலையில் மிக விரைந்து ஏறியவருக்கு அது ஒரு கிரீடத்தைச் சூட்டுகிறது. நாளை மற்றொருவர் ஒரு நொடி விரைந்தால் கிரீடம் கைமாறும். அழிவுறும் கிரீடத்துக்காக ஓடுவோரைப் பற்றிக் கொரிந்தியருக்குப் பவுலடியார் எழுதியது, இத்தனை நேரடியாகப் பொருந்தும் என்று அவரும் எண்ணியிருக்க மாட்டார்! இறக்கத்தில் வேகச் சாதனையை மீட்கப் போய் உயிரிழந்தவரின் குடும்பம் நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு.

அப்படியானால் அளப்பதே தீதா? அன்று. இறைவன் அனைத்தையும் அளவோடும் எண்ணிக்கையோடும் எடையோடும் அமைத்தார் என்று சாலமோனின் ஞானநூல் கூறுகிறது. நோயுற்ற இதயத்துடன் மருத்துவர் சொன்ன அளவில் ஓட்டுபவருக்கு அக்கருவி ஓர் அருள். நேற்று ஐந்து கிலோமீட்டருக்கே மூச்சிரைத்தவர் இன்று பத்து முடித்தோம் என மகிழ்வதும் தூய மகிழ்ச்சியே. ஆனால் அதே திருவிவிலியத்தில் தாவீது அரசர் தம் மக்களை எண்ணிய வரலாறும் இருக்கிறது. எண்ணி முடித்தபின் அவர் உள்ளம் அவரை வாட்டியது என்று சாமுவேலின் இரண்டாம் நூல் சொல்கிறது. கொடையாகப் பெற்ற ஒன்றை உடைமையாக எண்ணத் தொடங்கும் இடத்தில் இடறல் வருகிறது. கால்களின் வலிமை, காலைக் காற்று, வழியோர நிழல் ஆகிய எல்லாம் கொடை. அவற்றை ஓர் எண்ணாகச் சுருக்கி 'இது என்னுடையது, உன்னுடையதைவிடப் பெரியது' என்னும்போது கொடுத்தவர் மறைந்துவிடுகிறார்.

எம்மாவுக்குச் சென்ற இரு சீடரை நினைத்துப் பார்ப்போம். எருசலேமிலிருந்து அவ்வூருக்கு ஏறத்தாழ பதினொரு கிலோமீட்டர் என்று லூக்கா நற்செய்தியாளர் தொலைவைக் குறிக்கத் தவறவில்லை. ஆனால் வழியில் வந்து சேர்ந்த அந்நியர் பேசப் பேச, அவர்கள் தூரம் மறந்தார்கள். ஊர் வந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பம் பிட்டபோது கண் திறந்தது. உடனே, பொழுது சாய்ந்த பின்பும், அதே தொலைவை மறுபடியும் கடந்து திரும்பினார்கள். போன வழியும் வந்த வழியும் கருவியின் கணக்கில் ஒன்றுதான். அவர்களுக்கு அது இரண்டு வெவ்வேறு உலகம்.

நம் மறைமாவட்டங்களிலும் பங்குத்தந்தையரும் உபதேசியார்களும் பழைய சைக்கிளில் ஏறிக் கிளைக் கிராமங்களுக்கு, வெயிலிலும் மழையிலும், சென்று வந்த காலம் உண்டு. நோயாளிக்கு நற்கருணை கொண்டு சென்றார்கள். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொன்னார்கள். இறந்த வீட்டில் செபமாலை சொல்லி இரவில் திரும்பினார்கள். அவர்கள் சக்கரங்களில் எண்ணும் கருவி எதுவும் இல்லை. எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினார்கள் என்று அவர்களைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

கருவி வைத்திருப்போர் அதை வீசியெறிய வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாளேனும், ஞாயிறு திருப்பலிக்குப் பிறகாயினும், அதை அணைத்து வைத்துவிட்டுப் பிள்ளைகளை உடன் அழைத்துக்கொண்டு ஏரிக்கரை வரை மிதித்து வரலாம். திரும்பியதும் பிள்ளைகளிடம் எவ்வளவு தூரம் என்று கேட்க வேண்டா. என்ன கண்டீர்கள் என்று கேட்போம். அவர்கள் சொல்வதை முழுதும் கேட்டு முடிப்போம்.